அழாத ஊரின் அரைஞாண்

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று சொல்லிவைத்த பெரியவர்கள் இன்றைக்கு உயிரோடு இருந்தால், கோபிசெட்டிபாளையத்துக்கு வந்து அந்தப் பழமொழியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். அந்த ஊரில் கைக்குழந்தைகள் அழுவதை நிறுத்திச் சில வருடங்கள் ஆகியிருந்தன. டவுன் பஸ்ஸில் அழுகை கிடையாது. சினிமா கொட்டகையில் கிடையாது. தடுப்பூசி போடும் இடத்தில் மட்டும் ஊசி இறங்கும் நேரத்தில் ஒரு சின்ன வீறல் கேட்கும், அவ்வளவுதான்.

காரணம் ஒரு அரைஞாண். பார்வைக்கு வெள்ளி அரைஞாண் மாதிரியே இருக்கும். 'குறிப்பு' என்று அதற்குக் கம்பெனிக்காரன் பெயர் வைத்திருந்தான். பிள்ளையின் இடுப்பில் கட்டிவிட்டால் மூச்சு, இதயத் துடிப்பு, வயிற்றின் இழுப்பு, தொண்டைக்குப் போகும் நரம்பில் ஓடும் சேதி என்று எல்லாவற்றையும் ஒட்டுக்கேட்டு, அம்மாவின் காதுத் தோட்டில் சொல்லிவிடும். "பசி." "ஈரம்." "இடது காதுக்குப் பின்னால் அரிப்பு." அழுகை தொண்டைக்கு வருவதற்குள் அம்மா வந்துவிடுவாள். பிள்ளை வளர வளர அதுவும் படித்துக்கொள்ளும். ஆறேழு மாதத்தில் "மாம்பழம்", "அந்தச் சிவப்புப் பந்து" என்று பெயர் சொல்லவே ஆரம்பித்துவிடும்.

இப்படி ஒரு பொருள் கோபியில் விற்காமல் வேறு எங்கே விற்கும்? ஒரம்பரை என்று விருந்தாளிகள் வீட்டுக்கு வந்தால் தாகம் என்று சொல்லும்வரை காத்திருப்பது அந்தப் பக்கத்தில் மானக்கேடு. செருப்பைக் கழற்றும்போதே சொம்பு கைக்கு வந்துவிட வேண்டும். பிறந்த பிள்ளையைக்கூட "வாங்க சாமி, போங்க அம்மிணி" என்று மரியாதையாகக் கூப்பிடுகிற ஊர். அப்படிப்பட்டவர்கள் பெற்ற பிள்ளையைக் கேட்க விடுவார்களா?

அந்த ஊரிலும் பூங்கோதையை மிஞ்ச ஆள் இல்லை. கல்யாணச் சமையல் காண்ட்ராக்ட் எடுக்கிறவள். சமையல் ருசியைவிட அவள் பந்திக்குத்தான் பேர் அதிகம். இலைகளுக்கு நடுவே அவள் ஒரு நடை நடந்தால் போதும். ரசத்துக்குக் குழி பறிக்கிற விரல் எது, இன்னொரு ஒப்புட்டுப் போளி கேட்கக் கூச்சப்படுகிற கண் எது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள். பரிமாறுகிற பெண்களுக்கு அவள் சொல்லிக் கொடுப்பது ஒரே பாடம்தான். "கேட்டு வாங்கித் தின்னா அது பிச்சை. கேக்காம வந்து விழுந்தா அது விருந்து. எவராச்சும் ரசம்னு வாயத் தொறந்துட்டா நாம தோத்துட்டோம்னு அர்த்தம்."

அவளுக்குக் கல்யாணமாகிப் பல வருடம் கழித்துப் பிறந்தவள் இளவெயினி. பெயர் வைத்த அன்றைக்கே அரைஞாணைக் கட்டித் தோட்டை மாட்டிக்கொண்டாள். புருஷன் ஈஸ்வரமூர்த்திக்கும் ஒரு தோடு வாங்கிக் கொடுத்தாள். அவர் கீழ்பவானி வாய்க்காலின் மேல் பரப்பியிருக்கும் சூரியத் தகடுகளைப் பராமரிக்கிற வேலை பார்த்தார். முதல் வாரமே குனிந்து எதையோ துடைக்கும்போது தோடு வாய்க்காலுக்குள் போய்விட்டது. இன்னொன்று வாங்கித் தருவதாகப் பூங்கோதை சொன்னதற்கு, "எனக்கெதுக்கு? நீதான் இருக்கியே" என்றுவிட்டார். நல்ல மனுஷன்தான். ரவை வாங்கி வரச் சொன்னால் சேமியா வாங்கி வந்து, நல்ல சேமியா என்று சந்தோஷப்படுகிற ரகம்.

வெயினிக்கு இரண்டு வயது நெருங்கியது. கொழுகொழுவென்று, சிரித்த முகமாக, யாரையும் தொந்தரவு செய்யாமல் வளர்ந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

"புள்ள ஏன் பேசவே மாட்டீங்குது கோதை?" என்று ஒருநாள் காலையில் ஈஸ்வரமூர்த்தி கேட்டார். "முன்ன பா பா பான்னு கத்திட்டாச்சும் இருந்துச்சு. இப்ப அதுவுமில்லையே."

"எதுக்குங்க பேசோணும்? அதுக்கு இங்க என்ன கொறை?"

"கொறைன்னு சொல்லல. எங்கக்கா பேத்தி இவளுக்கு எளசு. அதுக்கு அரைஞாணெல்லாம் கட்டல. போன்ல வந்தா வெக்கவே மாட்டீங்குதே."

 நாலு நாள் முன்பு ஒரு கல்யாண மண்டபத்தில் பார்த்தது பூங்கோதைக்கு ஞாபகம் வந்தது. வெயினியும் இன்னொரு வீட்டுப் பெண்குழந்தையும் ஒரே பலூனைப் பார்த்துக்கொண்டு எதிரெதிரே நின்றார்கள். இரண்டு இடுப்பிலும் அரைஞாண். பிடுங்கவில்லை, கத்தவில்லை, ஒன்றையொன்று கூப்பிடவுமில்லை. இரண்டும் அவரவர் அம்மா வருவதற்காகக் காத்து நின்றன. மண்டபமே "என்ன தங்கமான புள்ளைங்க" என்று மெச்சியது. பூங்கோதைக்கு மட்டும் அது தங்கமாகத் தெரியவில்லை. வெளியே சொன்னால் பெரிதாகிவிடும் என்று விழுங்கிவிட்டிருந்தாள்.

அந்த வாரமே ஈரோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

பேச்சுப் பயிற்சி நிபுணர் நஸ்ரினுக்கு அன்றைக்குத் தொண்டை கட்டியிருந்தது. கரகரத்த குரலில், ஆனால் நிறுத்தாமல் பேசினார். காதைச் சோதித்தார், நாக்கைப் பார்த்தார், பொம்மைகளைக் காட்டி எது நாய், எது பூனை என்று கேட்டார். வெயினி எல்லாவற்றையும் சரியாகத் தொட்டாள். பிறகு நஸ்ரின், "அம்மா நீங்க மட்டும் தோட்டக் கழட்டிக் குடுத்துட்டு அந்தக் கண்ணாடிக்குப் பின்னாடி நில்லுங்க. புள்ள கண்ணுக்குப் படக் கூடாது" என்றார்.

மேசைமேல் ஒரு கண்ணாடிப் புட்டி வைத்தார். உள்ளே முறுக்கு. மூடியை நன்றாக இறுக்கியிருந்தார். வெயினி முறுக்கைப் பார்த்தாள். நஸ்ரின் முகத்தைப் பார்த்தாள். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கண்ணாடிக்குப் பின்னால் பூங்கோதையின் கை தானாக வெறுங்காற்றில் ஒரு மூடியைத் திருகியது. நேரம் போயிற்று. பிள்ளை புட்டியைத் தொடவில்லை, தள்ளவில்லை, கத்தவில்லை. கடைசியில் முறுக்கையே மறந்து ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்தாள்.

நஸ்ரின் வெளியே வந்தார். "என்ன பண்ணுது பாத்தீங்களா? இலை போட்டு உக்கார வெச்ச விருந்தாளி மாதிரி உக்காந்திருக்கு."

பூங்கோதைக்குச் சுருக்கென்றது.

"காது நல்லாக் கேக்குதுங்க. புத்தி படு சூட்டிகை. நாம பேசறது அத்தனையும் புரியுது. ஆனா, கேட்டாக் கெடைக்கும்னு ஒண்ணு இருக்கறதே அதுக்குத் தெரியாது. வேணும்ங்கறதுக்கும் கெடைக்கறதுக்கும் நடுவுல ஒரு சந்து இருக்கணும். அந்தச் சந்துலதான் புள்ளைங்க வாயத் தொறக்கும். மொதல்ல சிணுங்கும், கைய நீட்டும், அப்பறம் பா பாங்கும், அப்பறம் பாலுங்கும். நீங்க அந்தச் சந்தையே செங்கல் வெச்சு அடைச்சுட்டீங்க."

"அப்ப புள்ளைய ஏங்க வெக்கச் சொல்றீங்களா?"

"கொஞ்சூண்டு."

"என்னால ஆவாதுங்க. என்ற புள்ளைக்கு நான் இருக்கேன். அது எதுக்குக் கேக்கோணும்?"

"நீங்க இல்லாத எடத்துல?" நஸ்ரின் குரலைத் தாழ்த்தினார். "பள்ளிக்கூடத்துல எந்த டீச்சர் காதுல உங்க தோடு இருக்கும்? நாளைக்கு ஒருத்தன் அடிச்சா யார்கிட்டப் போய்ச் சொல்லும்? வலிக்குதுன்னு எப்பிடிச் சொல்லும்? இந்த வயசுல பேச்சு தானா வரும்ங்க. விட்டுட்டா அப்பறம் நாம வரவழைக்கணும். அது ரொம்பப் பாடு. உங்க ஊர்லருந்து எத்தன பேர் வர்றாங்கன்னு தெரியுமா? வெளிய பெஞ்சுல பாருங்க."

பூங்கோதை பார்த்தாள். பெஞ்ச் நிறையப் பிள்ளைகள். ஒரு சத்தமில்லை. எல்லாம் கோபி முகங்கள். அவளுக்குப் பயமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அரைஞாணை அவிழ்த்தாள். தோட்டையும் கழற்றி இரண்டையும் பீரோவில் வைத்தாள். இனி எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தாள்.

ஆனைக்கும் அடி சறுக்கும். தோட்டைக் கழற்றிய பிறகுதான், தோடு தனக்குத் தேவையே இல்லை என்பது பூங்கோதைக்குத் தெரிந்தது. பிள்ளையின் கழுத்து இந்தப் பக்கம் திரும்பினால் தண்ணீர். பெருவிரல் மடங்கினால் தூக்கம். மூக்கு லேசாகச் சுருங்கினால் இட்லி போதும், சர்க்கரை வேண்டும். ஆயிரம் பந்தி பார்த்த கண்ணுக்கு ஒரு பிள்ளையைப் படிக்க மெஷின் எதற்கு? நினைத்து முடிப்பதற்குள் கை போய்விடும். கொடுத்த பிறகுதான் கொடுத்தோமே என்று நாக்கைக் கடித்துக்கொள்வாள்.

நடித்தும் பார்த்தாள். தண்ணீர்ச் சொம்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "என்னங்க அம்மிணி வேணும்? எனக்கு ஒண்ணும் புரியலீங்களே" என்று உதட்டைப் பிதுக்கினாள். வெயினி அம்மாவின் கண்ணை ஒரு முறை பார்த்தாள். சிரித்தாள். உனக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும் என்ற சிரிப்பு அது. பிறகு சாவகாசமாகக் காத்திருந்தாள். தேள் கொட்டிய திருடனாய் வாயை மூடிக்கொண்டு நின்ற பூங்கோதை, சொம்பை அவள் வாயில் வைத்துவிட்டுத்தான் மூச்சுவிட்டாள்.

நஸ்ரினுக்குப் போன் போட்டாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "நீங்களே தோடாயிட்டீங்கம்மா. உங்களக் கழட்டித்தான் பீரோவுல வெக்கணும். உங்க வீட்ல ஒண்ணுமே புரியாத ஆள் யாராச்சும் இருக்காங்களா?"

பூங்கோதை வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஈஸ்வரமூர்த்தி முறத்தைக் கழுவித் துணி காயப்போடும் கயிற்றில் கிளிப் மாட்டித் தொங்கவிடப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்காருங்க" என்றாள். "நெம்ப நல்லாவே இருக்காரு."

வைகாசி முகூர்த்தங்கள் ஆரம்பித்தன. பூங்கோதை விடிந்ததும் மண்டபத்துக்குப் போக வேண்டும். ஈஸ்வரமூர்த்தி லீவு போட்டுவிட்டுப் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது என்று முடிவாயிற்று. "நீ தைரியமாப் போ. நானென்ன, புள்ளைய வாய்க்கால்லயா விட்டறப் போறேன்?" என்றார். தோட்டை வாய்க்காலில் விட்டவர் சொன்ன இந்த வாக்குறுதி பூங்கோதைக்கு அவ்வளவாகத் தெம்பு தரவில்லை.

கிளம்பும்போது அவள் ஒரு காரியம் செய்தாள். பிள்ளைக்குக் கவுன் போடும்போது உள்ளே அரைஞாணைக் கட்டிவிட்டாள். தோட்டை மாட்டிக்கொண்டு அதன்மேல் முடியை இழுத்துவிட்டுக்கொண்டாள். கேட்க மட்டும்தான், கொடுக்க இல்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பெற்றவள் வயிறு அப்படி. அவர் கவனிக்க மாட்டார் என்ற நம்பிக்கையும் இருந்தது. கவனிக்கவில்லை.

முகூர்த்தம் முடிந்து முதல் பந்தி உட்கார்ந்தது. பூங்கோதை வழக்கம்போல இலைகளுக்கு நடுவே நடந்தாள். பருப்பு போயிற்று. ஒப்புட்டு போயிற்று. சாம்பார் வாளி நடுவரிசையைத் தாண்டும்போது காதில் தோடு பேசியது.

"தண்ணீர்."

நின்றாள். பிறகு நடந்தாள். அவர் பக்கத்தில்தானே இருப்பார், கொடுத்துவிடுவார்.

"தண்ணீர்." கொஞ்சம் கழித்து, "வேண்டாம்." உடனே, "தண்ணீர்." மறுபடி, "வேண்டாம்."

என்னத்தையோ நீட்டுகிறார் என்று பூங்கோதைக்குப் புரிந்தது. வாழைப்பழமாக இருக்கலாம். பந்தாக இருக்கலாம். அவரைப் பற்றித் தெரியாதா, அவருடைய தொப்பியாகக்கூட இருக்கலாம். "வேண்டாம். தண்ணீர். வேண்டாம்." அவள் கை போனை எடுத்துவிட்டது. விரல் அவர் பெயர்மேல் நின்றது. தண்ணி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பிள்ளையின் நாக்கு நனைந்துவிடும். சொல்லிவிட்டால் நாளைக்கும் சொல்ல வேண்டும். நாளான்னைக்கும் சொல்ல வேண்டும். அவள் செத்த பிறகு யார் சொல்வார்கள்? கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. போனை இடுப்பில் செருகினாள்.

"கோபம்" என்றது தோடு. "தண்ணீர். கோபம்."

"அம்மிணி, கொஞ்சம் ரசம் கெடைக்குமுங்களா?"

அவள் திடுக்கிட்டாள். இது தோடு இல்லை. மூன்றாவது இலையில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் மாமா அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். இலையில் சோற்றைக் குழித்து வைத்து வெகுநேரம் ஆகியிருக்க வேண்டும். பூங்கோதையின் பந்தியில் ஒரு மனுஷர் வாயைத் திறந்து ரசம் கேட்டுவிட்டார்!  ஓடிப்போய் வாளியை வாங்கித் தானே ஊற்றினாள்.

"மன்னிச்சுக்குங்க, கவனிக்காம உட்டுட்டனுங்க."

"அட இதுக்கெதுக்கு மன்னிப்பு? அந்தக் கோடியிலருந்து வாசம் வந்துட்டே இருந்துச்சு. எப்ப வரும், எப்ப வரும்னு இருந்தனுங்க" என்று அவர் கைவைத்துப் பிசைந்தார். பக்கத்து இலைக்காரர், "எனக்கும் ஒரு கரண்டி ஊத்துங்க. அவரு பேசறதப் பாத்தா நாக்கு ஊறுது" என்றார். அதற்கடுத்த இலைக்காரர் இந்த ரசத்தில் மிளகு தூக்கலா சீரகம் தூக்கலா என்று ஒரு வழக்கை ஆரம்பித்தார். எப்போதும் மெல்லுகிற சத்தம் மட்டும் கேட்கிற பூங்கோதையின் பந்தியில் அந்த வரிசை மட்டும் கலகலவென்று ஆகிவிட்டது.

"அதிகக் கோபம்" என்றது தோடு. "அழுகை, சில விநாடிகளில். தண்ணீர். கோபம். தண்ணீ—"

பேச்சு அறுந்தது. பிறகு அவள் அதுவரை கேட்டிராத ஒரு வாசகம் வந்தது. "குறிப்பு கிடைக்கவில்லை."

பூங்கோதைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிள்ளை விழுந்துவிட்டதா? மூச்சு நின்றுவிட்டதா? சமையற்கட்டுக்கு ஓடினாள். போனை எடுப்பதற்குள் அதுவே அடித்தது.

"கோதை! கோதை! பேசிருச்சு!"

"என்னங்க? யாரு?"

"புள்ளதான்! வாழப்பழம் குடுத்தேன், தள்ளி உட்டுச்சு. பந்து குடுத்தேன், தள்ளி உட்டுச்சு. சரி, வெளிய போகோணுமாட்டயிருக்குதுன்னு என்ற தொப்பிய எடுத்து வெச்சேன். வெடுக்குனு புடுங்கி வீசிப்போட்டு, மூஞ்சியெல்லாம் செவந்து, காலை ஒதச்சு, என்னைய நிமுந்து பாத்து 'இல்லீங்க'ங்குது கோதை!"

"என்னது?"

"இல்லீங்க! ங்க போட்டுச் சொல்லுச்சு! இரு, நீயே கேளு." அவர் குரல் கொஞ்சம் தள்ளிப் போயிற்று. "அம்மிணி, செருப்பு வேணுமுங்களா?"

போனுக்குள்ளிருந்து காது கிழிகிற மாதிரி ஒரு கத்தல் வந்தது. "இல்லீங்க்!"

"அப்ப இந்த வெளக்குமாறு?"

"இல்லீங்க்! இல்லீங்க்!"

பூங்கோதை ஸ்பீக்கரைப் போட்டாள். அடுப்படியில் நின்றவர்கள், இலை எடுக்கிறவர்கள், பாயசம் கிண்டுகிறவர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். கோபத்தின் உச்சியில்கூட அப்பனுக்கு மரியாதை குறையாத அந்தக் கத்தலைக் கேட்டுச் சமையற்கட்டே விழுந்து விழுந்து சிரித்தது. பூங்கோதை அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து அழுதாள். இவ்வளவு சந்தோஷம் அவள் பட்டதே இல்லை. பிள்ளை பிறந்த அன்றைக்குக்கூட மயக்கத்தில் கிடந்தாள்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "ஏனுங்க, தண்ணி குடுத்தீங்களா இல்லியா?"

"தண்ணியா? தண்ணியா வேணும் அதுக்கு?"

 அப்புறம் சின்னக் குரல், தேடிக்கொண்டிருந்த பொருள் கிடைத்துவிட்ட அவசரத்தோடு கூவியது. "தண்ணீ!"

"அட ஆமா கோதை, தண்ணிங்குது! உனக்கெப்பிடித் தெரிஞ்சுது?"

"பொதுவாக் கேட்டனுங்க" என்றாள் பூங்கோதை.

மடை திறந்துவிட்டது. தண்ணி, தோசை, தொப்பி, காக்கா என்று நாளுக்கு நாள் வந்துகொண்டேயிருந்தன. ஈஸ்வரமூர்த்தி தன்னுடைய புரியாமையை விடாமல் காப்பாற்றினார். அதற்கு அவர் பெரிதாகக் கஷ்டப்படவும் வேண்டியிருக்கவில்லை. சேதி நஸ்ரின் காதுக்குப் போய், அவர் மூலமாகக் கோபி முழுக்கப் பரவியது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மாக்கள் ஒவ்வொருத்தியாகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து, "அண்ணா, சித்தெ நேரம் எங்க பையனையும் பாத்துக்குங்க. நீங்க இருக்கற மாதிரியே இருங்க, போதும்" என்றார்கள். முதலில் அவருக்கு ரோஷமாக இருந்தது. பிறகு பெருமையாகிவிட்டது. சாயங்காலமானால் வாய்க்கால் கரையில் அவரைச் சுற்றி ஏழெட்டுப் பொடுசுகள் நின்று, ஆளுக்கொரு பக்கம் வேட்டியை இழுத்துக்கொண்டு, இல்லீங்க இல்லீங்க என்று கத்துவதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். ஊரில் மறுபடியும் பஸ்ஸில் அழுகை கேட்டது. அன்னியர்கள் முகம் சுளித்தார்கள். உள்ளூர்க்காரர்கள் எழுந்து இடம் கொடுத்தார்கள்.

பூங்கோதை ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. அரைஞாண் இன்னும் கவுனுக்குள் இருந்தது. தோடு காதில் இருந்தது. தோடு "தோசை" என்னும், பிள்ளை "தோச" என்னும். இரண்டும் ஒத்துப்போகும்போது, பரீட்சை விடையைச் சரிபார்த்த நிம்மதி அவளுக்கு. இதில் யாருக்கு என்ன நஷ்டம்? பிள்ளை பேசத்தானே செய்கிறது. முதல் தடவை அறுந்துபோனதை, பிள்ளை காலை உதைத்த வேகத்தில் அரைஞாண் ஒரு கணம் நழுவியிருக்கும் என்று அவள் விட்டுவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாடு முடிந்திருந்தது. ஈஸ்வரமூர்த்தி வேலைக்குப் போயிருந்தார். வெயினி கூடத்தில் பாயில் உட்கார்ந்து ஒரு கரண்டியோடு விளையாடிக்கொண்டிருந்தாள். கண் சொருகியது. பெருவிரல் மடங்கியது.

"தூக்கம்" என்றது தோடு.

பூங்கோதை தலையணையை எடுத்துக்கொண்டு வந்தாள். "அம்மிணிக்குத் தூக்கம் வந்துருச்சுங்களா?"

வெயினி நிமிர்ந்து பார்த்தாள். கண்ணை அகல விரித்தாள். "இல்லீங்க்."

"தூக்கம்" என்றது தோடு. "உடல் தளர்ச்சி. தூக்கம்."

"தூக்கம் இல்லீங்க்" என்றாள் வெயினி. கொட்டாவி ஒன்று வந்தது. வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

பூங்கோதை தலையணையும் கையுமாக நின்றுவிட்டாள். இதுவரை இப்படி நடந்ததில்லை. இரண்டு சேதிகள், இரண்டும் ஒரே பிள்ளையிடமிருந்து. தோடு சொல்வது உண்மை, சந்தேகமில்லை. அவள் கண்ணுக்கே தெரிகிறது. பிள்ளை சொல்வது பச்சைப் பொய். பிறந்ததிலிருந்து உள்ளே இருந்தது அப்படியே வெளியே தெரிந்த பிள்ளை, இன்றைக்கு உள்ளே ஒன்று வைத்து வெளியே ஒன்று சொல்கிறது. சொல்லிவிட்டு, அம்மா நம்புகிறாளா என்று முகத்தைப் பார்க்கிறது.

தூக்கிப் போட்டுத் தட்டினால் நாலு நிமிஷத்தில் தூங்கிவிடும். உடம்பு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் உடம்பை மட்டும் கேட்டுக்கொண்டு, வாயால் சொன்னதைத் தள்ளினால், அந்த வாய் இனி எதற்குத் திறக்க வேண்டும்? நாளைக்குப் பத்து வயதில், இருபது வயதில், அது ஒன்று சொல்ல, தான் காதுக்குள் வேறொன்று கேட்டுக்கொண்டு நின்றால், அப்புறம் அது தன்னிடம் எதைச் சொல்லும்? பூங்கோதைக்குச் சிரிப்பு வந்தது. பொய் சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டாளே என் மகள் என்று பூரித்த முதல் தாய் அவளாகத்தான் இருப்பாள்.

தலையணையைக் கீழே போட்டாள். தோட்டைக் கழற்றிச் சன்னல் கட்டையில் வைத்தாள். பிள்ளையைத் தூக்கிக் கவுனுக்குள் கைவிட்டு அரைஞாணை அவிழ்த்தாள். காதும் இடுப்பும் லேசாகிவிட்டன.

"சரிங்க அம்மிணி. தூக்கம் இல்லீங்க. நீங்க சொன்னாச் சரி" என்றாள். "அப்ப என்னங்க பண்ணலாம்?"

கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். பந்தி பார்த்த கண் பிள்ளையின் முகத்தில் தேடியது. பசி இல்லை. தாகம் இல்லை. பொம்மை இல்லை. எதுவுமே பிடிபடவில்லை. வெயினி புருவத்தைச் சுருக்கிக்கொண்டு எங்கேயோ பார்த்தாள். அந்தச் சின்னத் தலைக்குள் என்ன ஓடுகிறது என்று முதல் தடவையாகப் பூங்கோதைக்குத் தெரியவில்லை. பயமாகவும் இருந்தது, ஆசையாகவும் இருந்தது.

"அம்மா" என்றாள் வெயினி. "மீனு தூங்குங்களா?"

பூங்கோதை யோசித்தாள். எந்த மீன்? வாய்க்காலில் அப்பன் காட்டிய மீனாக இருக்கும். அது தூங்குமா? கண்ணை மூடுமா? தண்ணீருக்குள் எங்கே படுக்கும்? 

"எனக்குத் தெரியலீங்களே சாமி" என்றாள். இந்த முறை உதட்டைப் பிதுக்கவில்லை. நிஜமாகவே தெரியவில்லை. அம்மாவின் கண்ணை உற்றுப் பார்த்த வெயினிக்கும் அது புரிந்துவிட்டது போலிருக்கிறது. கையைத் தட்டிக்கொண்டு சிரித்தாள்.

"போய்ப் பாத்துட்டு வரலாமுங்களா?"

"வாங்க!" என்று பிள்ளை அவள் விரலைப் பிடித்து இழுத்தது.

வெயில் சாய ஆரம்பித்திருந்தது. குடையை எடுத்துக்கொண்டு இருவரும் தெருவில் இறங்கினார்கள். மூன்று வீடு தாண்டுவதற்குள் வெயினி தூக்கச் சொல்லிக் கையை நீட்டினாள். ஐந்தாவது வீட்டில் தலை தோளில் சாய்ந்தது. தெருமுனையில் நன்றாகத் தூங்கிப்போனாள், வாயைத் திறந்துகொண்டு.

பூங்கோதை திரும்பவில்லை. குடையைப் பிள்ளைப் பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு வாய்க்காலை நோக்கி நடந்தாள். எழுந்ததும் கேட்பாளே, போய்ப் பார்த்து வைத்தால்தானே சொல்ல முடியும்.